புது லென்ஸ் வாங்கும் முன் பழைய படங்களைப் பாருங்கள்

தில்லி மோதி பாக்கில் ரிங் ரோட்டை ஒட்டி நிற்கும் குருத்துவாராவின் வெள்ளைக் குவிமாடத்தை, நல்ல வெயிலில் எஃப் 8 துளை அளவில் இரண்டு முறை படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று கேமராவோடு சேர்ந்து வந்த 18-55 கிட் லென்ஸில். மற்றொன்று லட்ச ரூபாய் லென்ஸில். இரண்டையும் 12-க்கு 8 அங்குலத்தில் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஓரங்களை உற்றுப் பார்த்தாலொழிய எது எந்த லென்ஸில் எடுத்தது என்று சொல்வது தொழில் தெரிந்தவருக்கே சிரமம். எந்த லென்ஸும் தன் துளையைச் சற்றுச் சுருக்கியதும் தெளிவாகிவிடும். விலை வித்தியாசம் பெரும்பாலும் துளையை முழுதாகத் திறக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். தவிர, அந்த அளவு அச்சுக்கு 86 லட்சம் பிக்சல் போதும். கைபேசியில் பகிரும் படத்துக்கு அதில் நான்கில் ஒரு பங்குகூட வேண்டாம். பகலில் கோயில், குடும்பம், சுற்றுலா என்று எடுப்பவர் லென்ஸை மாற்றிப் பெறும் லாபம் மிகச் சொற்பம்.

அதே மோதி பாக்கில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. இதுபோன்ற பள்ளிகளின் ஆண்டு விழா மேடைக்கு வந்தால் கணக்கே வேறு. மாலை நேரம், மங்கலான மேடை விளக்கு, பரதநாட்டிய உடையில் பிள்ளைகள். கிட் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓ 1600-இல் ஷட்டர் வேகம் நொடியில் 30-இல் ஒரு பங்கு கிடைக்கிறது என்று கொள்வோம். அந்த வேகத்தில் முகம் தெளிவாக விழலாம். அடவு பிடிக்கும் கையும் தட்டும் பாதமும் கலங்கித்தான் விழும். எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் அதே இடத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஷட்டர் வேகம் 300-இல் ஒரு பங்குக்கு ஏறும், முத்திரை பிடித்த விரல்கள் விரல்களாகவே படத்தில் நிற்கும். கேனான் ஆர்.எஃப். வரிசையில் இந்த லென்ஸின் விலை 20 ஆயிரம் ரூபாய்க்குச் சற்று முன்பின்னாக இருக்கும், எடையும் 160 கிராம்தான். செலவழித்த ஒவ்வொரு ரூபாயும் படத்தில் தெரியும் மாற்றம் இது.

இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். இருபதாயிரத்துக்கு இவ்வளவு என்றால் இரண்டு லட்சத்துக்கு எவ்வளவு என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. கேனான் ஆர்.எஃப். 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸின் விலை 2 லட்சம் ரூபாய்க்கு மேல், எடை 950 கிராம். எஃப் 1.8-ஐ விட அது உள்ளே விடும் ஒளி இரண்டேகால் மடங்கு. முதல் படியில் சிறு தொகைக்குப் பத்து மடங்கு கிடைத்தது. அடுத்த படியில் பத்து மடங்குப் பணத்துக்கு இரண்டேகால்தான். அந்த இரண்டேகாலிலும் ஒரு சிக்கல் உண்டு. எஃப் 1.2-இல் அருகிலிருந்து முகத்தை எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் விழலாம். முகூர்த்தம்தோறும் கல்யாண மண்டபத்தில் நின்று சம்பாதிப்பவருக்கு அந்த லென்ஸ் முதலீடு. போட்ட பணத்தை அது திருப்பித் தரும். மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாக எடுத்துவைத்து வாங்குபவருக்கு, வருடத்தில் நாலைந்து விழாக்களுக்காக அது பெரும் பாரம்.

தொலைவை இழுத்துத் தரும் டெலி லென்ஸ் வாங்க நினைக்கும் தில்லிவாசி, ஊரின் காற்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் புகையும் பனியும் கலந்து தரையோடு படிந்து நிற்கும். ராமகிருஷ்ணாபுரம் மலை மந்திரின் கோபுரத்தை அப்போது தூரத்திலிருந்து எடுத்தால், இடையில் இருக்கும் சாம்பல் நிறக் காற்று முழுவதும் படத்தில் ஏறும். லென்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு காற்றை ஊடுருவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தக் கண்ணாடியும் அந்தப் புகையை அகற்றாது. மே மாதத்தில் சூடான தார்ச்சாலைமேல் அலையும் கானலும் இப்படியே படத்தைக் குலைக்கும். பொருளை நோக்கி இன்னும் நூறு அடி நடப்பது இந்த இரண்டுக்கும் மருந்து, அதற்குச் செலவில்லை. சென்னையில் இருப்பவருக்கு வேறு கவலை: ஈரக்காற்றில் பூட்டிய பைக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். எப்போதாவது மட்டும் எடுத்துப் பார்க்கும் விலையுயர்ந்த லென்ஸ்தான் இதற்கு முதலில் இரையாகும்.

கேமரா சில வருடங்களில் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் இருபது வருடம் உழைக்கும், ஆகவே பணத்தை லென்ஸில் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்பார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. கேமராவை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா என்று இரண்டில் ஒன்றுக்கே பணம் இருப்பவருக்கு நானும் லென்ஸைத்தான் சொல்வேன். ஆனால் எது மேல் என்ற கேள்விக்குத்தான் இது பதில். இப்போது வாங்க வேண்டுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கேனானும் நிக்கானும் 2018-இல் மிரர்லெஸ் கேமராக்களுக்குப் புதிய பொருத்து முறைகளைக் கொண்டுவந்ததும் முந்தைய தலைமுறையின் அருமையான லென்ஸ்கள் பழைய சந்தைக்கு இறங்கிவந்தன. அடாப்டர் போட்டால் புதுக் கேமராவிலும் அவை வேலை செய்யும். லென்ஸின் ஆயுள் நீளம் என்றால் பழைய லென்ஸை நம்பி வாங்கலாம் என்பதும் அதற்குள் அடக்கம்தானே. சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி கேமரா சந்தையில் பழைய லென்ஸைக் கையில் வாங்கி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இழை ஓடுகிறதா என்று பார்த்து வாங்குபவர் ஏமாறுவது குறைவு.

கானுயிர் எடுப்பவருக்கு நீள லென்ஸ் இல்லாமல் முடியுமா என்ற கேள்வி நியாயமானது. முடியாது. தமிழில் இயற்கையை எழுதிய மா. கிருஷ்ணன், பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரும் வைத்தவர். காட்டில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகு அதற்கேற்பக் கருவியைத் தேடிய மனிதர். மறுபக்கம், சுதந்திரத்தை ஒட்டிய கால தில்லியைப் படமெடுத்த ஹோமாய் வியாரவாலா ரோலிஃப்ளெக்ஸும் பயன்படுத்தினார். லென்ஸைக் கழற்றி மாற்றவே முடியாத கேமரா அது. நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் என்று அறியப்படும் அவருக்கு 2011-இல் பத்ம விபூஷண் கிடைத்தது. இந்த இருவரில் ஒருவரை மட்டும் காட்டி வாதாடுவது தவறு. இருவருக்கும் தங்கள் வேலைக்கு எது தேவை என்று தெரிந்திருந்தது.

அந்தத் தெளிவு நமக்கும் எட்டாத ஒன்றல்ல. ஒவ்வொரு படத்தோடும் அதை எடுத்த மி.மீ., துளை, ஷட்டர் வேகம் எல்லாம் பதிவாகியே இருக்கின்றன. கடந்த ஒரு வருடப் படங்களைத் திறந்து, கெட்டுப்போனவற்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். கை ஆடியதால் கெட்டதா, ஃபோகஸ் தவறியதா, நேரமும் கோணமும் சரியில்லையா? இவற்றுக்கு லென்ஸ் பொறுப்பில்லை. துளை முழுதாகத் திறந்தும் ஒளி பற்றாமல் போன படங்கள் வரிசையாக நின்றால் எஃப் 1.8 வாங்கலாம். பாதிப் படங்கள் ஜூமின் கடைசி எல்லையில் எடுத்தவையாக இருந்தால் இன்னும் நீளமான லென்ஸ் தேவைப்படுகிறது. அப்போதும் பெரிய லென்ஸ்களை நாள் வாடகைக்குத் தருபவர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, அந்த மாலையின் படங்களைப் பழைய வருடத்துப் படங்களோடு வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம்.