டயப்பர் வயதுக் குழந்தையோடு 2 நாள் கப்பல் பயணம்... டிக்கெட் போடும் முன் வீட்டில் பேசவேண்டியவை!

“பாப்பாவுக்கு ஒண்ணே முக்கால் வயசு. லீவுக்கு ரெண்டு நாள் குரூஸ் போகலாம்னு அவர் சொல்றார். ‘தண்ணியில குழந்தையைக் கூட்டிட்டுப் போறதா’ன்னு மாமியார் பயப்படுறாங்க. போகலாமா, வேண்டாமா?”

விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பல வீடுகளில் எழும் கேள்வி இது. முன்பெல்லாம் குரூஸ் என்றால் வெளிநாட்டுக்குப் போனால்தான். 2022 ஜூனில் கார்டெலியாவின் ‘எம்பிரஸ்’ கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்ப ஆரம்பித்த பிறகு அது மாறியது. நடுக்கடல்வரை போய் இரண்டு இரவில் திரும்பிவிடும் பயணம் என்பதால், குழந்தை வைத்திருக்கும் குடும்பங்களும் யோசிக்கத் தொடங்கின. சிங்கப்பூர்வரை விமானத்தில் போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் மூன்று, நான்கு இரவு கப்பலில் சுற்றிவருபவர்களும் உண்டு. எந்த மாதம் எங்கிருந்து கப்பல் என்பது சீசனுக்குச் சீசன் மாறும் என்பதால், தேதியை நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்கு வருவோம். போகலாம். ஆனால், மாமியாரின் பயத்திலும் பாதி நியாயம் இருக்கிறது. நாம் பயப்படும் இடமும் பயப்பட வேண்டிய இடமும் வேறு வேறு என்பதுதான் விஷயம்.

தலைசுற்றல் குழந்தைக்கா, உங்களுக்கா?

எல்லோரும் முதலில் கேட்பது, “வாந்தி வருமா?” என்றுதான். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் அரிதாகவே வரும். 2 வயதிலிருந்து 12 வயதுவரைதான் அது அதிகம். ஆக, பாப்பா ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கும். அம்மாவும் அப்பாவும்தான் படுத்திருப்பார்கள். அப்போது குழந்தையைப் பார்ப்பது யார்? இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வங்கக் கடலில் புயல் காலம். ஜனவரிக்குப் பிறகு வரும் இரண்டு, மூன்று மாதங்களில் பொதுவாகக் கடல் அமைதியாக இருக்கும். கேபின் தேர்வு செய்யும்போது கீழ்த்தளங்களில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும். குமட்டல் மாத்திரைகளில் சில, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாதவை. பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

‘அங்க பாரு கடல்’ என்று தூக்காதீர்கள்

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் இதுதான்.

2019 ஜூலையில், புவேர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவான் துறைமுகத்தில் ஒரு பெரிய சுற்றுலாக் கப்பல் நின்றிருந்தது. புயல் இல்லை, கப்பல் நகரக்கூட இல்லை. 11-வது தளத்தில், குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தாத்தா தன் 18 மாதப் பேத்தியை ஜன்னல் ஓரம் தூக்கிப் பிடித்தார். ஜன்னல் திறந்திருந்தது. குழந்தை கீழே விழுந்து இறந்துவிட்டது. கண்ணாடி மூடியிருப்பதாகத்தான் நினைத்தேன் என்றார் தாத்தா. வழக்கு நீதிமன்றம்வரை போனது.

அவர் அலட்சியமான மனிதர் என்று சொல்லிவிட்டு நாம் கடந்துவிட முடியாது. ஏனென்றால், அவர் செய்ததைத்தான் நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளும் தினமும் செய்கிறார்கள். மொட்டை மாடியில் தூக்கி நிலா காட்டுகிறோம். ரயில்வே கேட்டில் தூக்கி ரயில் காட்டுகிறோம். குழந்தைக்கு எதையாவது காட்ட வேண்டுமென்றால் கை தானாகத் தூக்குகிறது. அது பாசம்தான். கப்பலில் மட்டும் அந்தப் பழக்கத்தை இறக்கி வைக்க வேண்டும்.

கப்பலின் ஓரக் கம்பிகள் ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்தில்தான் இருக்கும். நடக்கப் பழகும் குழந்தைக்கு அது தலைக்கு மேல். குழந்தையின் கால் தரையில் இருக்கும்வரை கம்பி அதைக் காப்பாற்றும். நீங்கள் தூக்கினாலோ, பக்கத்தில் நாற்காலி இருந்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அதனால் குடும்பத்துக்குள் மூன்று விதிகள் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, திறந்த ஜன்னல், கம்பி, பால்கனி ஓரத்தில் யாரும் குழந்தையைத் தூக்கக் கூடாது, செல்ஃபிக்காகவும். கடலைக் காட்ட வேண்டுமென்றால், தரையோடு பொருத்திய பெரிய கண்ணாடி உள்ள உணவகத்திலோ லவுஞ்ச்சிலோ நின்று காட்டலாம். இரண்டு, பால்கனி கேபின் எடுத்தால் அங்குள்ள நாற்காலிகளைக் கம்பியிலிருந்து தள்ளிப் போடுங்கள், கதவு எப்போதும் பூட்டியே இருக்கட்டும். பட்ஜெட் இடித்தால் கவலையே வேண்டாம், பால்கனி இல்லாத கேபின்தான் இந்த வயதுக்கு நிம்மதி. மூன்று, எந்த நேரத்திலும் குழந்தைக்குப் பொறுப்பு ஒரே ஒருவர். “நீ பார்த்துக்கிட்டிருந்தேன்னு நினைச்சேன்” என்ற பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது. கைமாற்றும்போது “இப்ப நீங்க” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கதவுகளையும் கவனியுங்கள். டெக்குக்குப் போகும் கதவுகள் கனமானவை, காற்றில் படார் என்று சாத்தும். சின்ன விரல்கள் ஜாக்கிரதை. பாத்ரூம் வாசலில் உயரமான படி இருக்கும், ஓடிவரும் குழந்தை தடுக்கி விழும்.

லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்

2012 ஜனவரியில் இத்தாலிக் கடலோரம் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சர்வதேச விதி மாற்றப்பட்டு, 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவது கட்டாயமானது. ‘குழந்தை தூங்குது’ என்று அதைத் தவிர்க்காதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேல் போகும் கப்பலில், ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதற்கேற்ற சின்ன லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பதும் விதி. கேபினில் பெரியவர்களுக்கானது மட்டும் இருந்தால் ஊழியரிடம் கேளுங்கள், அன்றைக்கே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

குளம் இருக்கும், இறங்க முடியாது!

விளம்பரத்தில் நீச்சல் குளம் நீலமாக மின்னும். ஆனால் பல கப்பல்களில், டயப்பர் போடும் குழந்தைகளுக்குக் குளத்தில் அனுமதி கிடையாது, நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும்கூட. தண்ணீர் வழியாக வயிற்றுப்போக்குக் கிருமி பரவும் என்பதுதான் காரணம். சில பெரிய கப்பல்களில் மட்டும் இந்த வயதினருக்கென்று தனித் தண்ணீர் விளையாட்டுப் பகுதி உண்டு. குழந்தைகள் கிளப்பும் அப்படித்தான். பெரும்பாலும் 3 வயது நிரம்பி, கழிப்பறைப் பழக்கம் வந்திருக்க வேண்டும். ‘குழந்தையைக் கிளப்பில் விட்டுட்டு ஷோ பார்க்கலாம்’ என்று கணக்குப் போட்டிருந்தால், புக்கிங்குக்கு முன்பே வயது வரம்பைக் கேட்டுவிடுங்கள்.

மடியில் வைத்துக்கொள்கிறோம் என்றால் நடக்காது

பேருந்தைப்போல ‘மடிக் குழந்தை’ கணக்கு கப்பலில் இல்லை. உயிர்காப்புப் படகில் ஒவ்வொருவருக்கும் இடம் வேண்டும் என்பதால், கைக்குழந்தையும் ஒரு ஆள்தான். இரண்டு பேருக்கான கேபினில் மூன்றாவதாகக் குழந்தையைச் சேர்க்க முடியாது. கட்டணம் குறையலாம், வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள்.

பல நிறுவனங்களில் குழந்தைக்குக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். அடுத்த குழந்தையைச் சுமப்பவர்களும் கவனிக்க: 24-வது வாரத்தைத் தொட்டுவிட்டால் பல கப்பல்களில் ஏற்ற மாட்டார்கள். கிளம்பும் நாளுக்கு மட்டுமல்ல, திரும்பும் நாளுக்கும் கணக்குப் பாருங்கள். சிங்கப்பூர் வழி போகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். கப்பலில் கிளம்பித் திரும்ப அங்கேயே இறங்குவது இரண்டாவது நுழைவு. விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால் சிக்கல், குழந்தையின் விசாவையும் சரிபாருங்கள்.

கையில் ஒரு பை

துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி கேபினுக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். டயப்பர், பால், மாற்று உடை, மருந்து எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இறங்குவதற்கு முந்தைய இரவு, பெட்டியைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலைக்கான டயப்பரையும் உடையையும் சேர்த்துப் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள்.

கஞ்சி காய்ச்சலாம் என்று எலெக்ட்ரிக் கெட்டில் எடுத்துப்போனால், தீ அபாயம் என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெந்நீரை உணவகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் செய்த உணவுக்கும் பொதுவாக அனுமதியில்லை. சீல் பிரிக்காத குழந்தை உணவு என்றால் பிரச்னை இருக்காது. பஃபேயில் சாதம், தயிர், பழம் கிடைத்துவிட்டால் இரண்டு நாள் ஓடிவிடும். காரமில்லாமல் வேண்டும் என்று முதல் வேளையிலேயே சொல்லி வையுங்கள்.

குளிக்க பெரும்பாலும் ஷவர் மட்டும்தான். ஷவரைக் கண்டு அலறும் குழந்தை என்றால் ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப் போங்கள். தொட்டில் வேண்டுமென்றால் புக்கிங்கின்போதே சொல்ல வேண்டும். பெரிய ஸ்ட்ரோலர் வேண்டாம், கேபினும் காரிடாரும் குறுகல். குடைபோல மடங்குவது போதும்.

ராத்திரி 2 மணிக்குக் காய்ச்சல் வந்தால்?

கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால் குழந்தை நல மருத்துவர் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள், கட்டணமும் தனி. கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே மொபைல் சிக்னல் போய்விடும், வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கு போன் போட முடியாது. அதனால் கிளம்பும் முன்பே அவரைப் பாருங்கள். குழந்தையின் எடைக்கேற்ற காய்ச்சல் மருந்தின் அளவை எழுதி வாங்குங்கள். தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ் பாக்கெட் கட்டாயம். ஏற்கெனவே காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால், பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அது மற்ற குழந்தைகளுக்கும் செய்யும் உதவி.

கப்பல்களில் வேகமாகப் பரவுவது நோரோ வைரஸ். சானிட்டைசருக்கு அது சரியாக அடங்காது. சோப்பு போட்டுக் கை கழுவுவதுதான் வழி. லிஃப்ட் பட்டனைத் தொட்ட கை அடுத்த நிமிடம் வாய்க்குப் போகிற வயது இல்லையா?

கப்பலுக்கு ஒரு நேரம், குழந்தைக்கு ஒரு நேரம்

ஷோ, டின்னர், டி.ஜே எல்லாமே இரவில். உங்கள் குழந்தையோ 8 மணிக்குத் தூங்கும். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று இழுத்துப் போனால், மூவருக்கும் அழுகைதான் மிஞ்சும். காலையில் கூட்டமில்லாத டெக், மதியம் கேபினில் தூக்கம், மாலையில் ஒரே ஒரு நிகழ்ச்சி. இரவு ஒருவர் கேபினில், ஒருவர் வெளியே; மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து போய்வந்த என் அக்கா மகனுக்குக் கடலைவிடப் பிடித்தது, லிஃப்ட்டும் நீளமான காரிடாரும்தான். இந்த வயதுக்கு அதுவே உலகச் சுற்றுலா!

மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “நீங்களும் வாங்க அத்தை, இன்னும் ஒரு ஜோடிக் கண் இருந்தா எங்களுக்கும் தைரியம்.” வந்தால் அந்த மூன்று விதிகளும் அவருக்கும் சேர்த்துத்தான். முக்கியமாக முதல் விதி.