இன்சுலினை செக்-இன் பெட்டியில் போடாதீங்க!

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்க அப்பா, அம்மா கிளம்புகிறார்கள் என்றால், வீட்டில் முதலில் எடை போடப்படுவது பருப்புப் பொடியும் ஊறுகாயும்தான். அந்தப் பரபரப்பில், ‘செக்யூரிட்டியில் ஊசியைப் பார்த்தா பிடுங்கிடுவாங்க’ என்று யாரோ சொன்னதை நம்பி, இன்சுலினையும் அதே பெட்டிக்குள் திணித்துவிடுகிறார்கள். சர்க்கரை நோயுள்ளவர் விமானப் பயணத்தில் செய்யக்கூடிய மோசமான காரியம் இதுதான் என்பேன்.

இன்சுலின் உறையவே கூடாது. ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகும் அதை நம்ப முடியாது. பார்ப்பதற்கு மட்டும் பழையபடியே இருக்கலாம். சரக்கு அறையில் எவ்வளவு குளிரும், வெளியே வெயிலில் பெட்டி எத்தனை நேரம் காத்துக்கிடக்கும் என்பதெல்லாம் நம் கையில் இல்லை. பெட்டியே வேறு ஊருக்குப் போய்விட்டால்? அதனால் மொத்த இன்சுலினும் கைப்பையில்தான் வர வேண்டும். மருந்து என்பதால் 100 மில்லி கட்டுப்பாட்டிலிருந்து இதற்கு விலக்கு உண்டு. மருந்தின் பொதுப்பெயரும் அளவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட டாக்டர் கடிதம், பிரிஸ்கிரிப்ஷன் இரண்டையும் வைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டிவிடுங்கள். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

ஐஸுக்கும் அலைய வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின், அதிக வெயில் படாத அறை வெப்பநிலையில் பொதுவாக 4 வாரம் தாங்கும். ஐஸ் பேக்கை ஒட்டி வைத்தால்தான் ஆபத்து.

அடுத்தது கடிகாரம். கோடையில் நியூயார்க், சென்னையைவிட 9.5 மணி நேரம் பின்னால் இருக்கிறது. சென்னையில் தினமும் இரவு 10 மணிக்கு நீண்ட நேர இன்சுலின் போடுபவர், ‘அங்கேயும் 10 மணிக்குப் போட்டுக்கலாம்’ என்று காத்திருந்தால் இடைவெளி 33.5 மணி நேரமாகிவிடும். சர்க்கரை ஏறிவிடும். திரும்பி வரும்போது கதை தலைகீழ்: இடைவெளி 14.5 மணி நேரம்தான். ஒரு டோஸ் அடங்குவதற்குள் அடுத்தது சேர்ந்து, தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கலாம். எனக்கு அதிகம் பயம் தருவது இந்தத் திரும்பும் பயணம்தான். சிங்கப்பூருக்கு வெறும் 2.5 மணி நேர வித்தியாசம் என்பதால் அவ்வளவு சிக்கல் இல்லை.

சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியை, தள்ளுவண்டி வரும் சத்தம் கேட்டதும் போட்டுவிடாதீர்கள். விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். தட்டு கைக்கு வரட்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் மாத்திரை இருக்கட்டும். தலைக்கு மேலே உள்ள ரேக்கில் அல்ல.

இனி, பலருக்குத் தெரியாத ஒன்று. இந்தியாவில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ‘யூ-40’, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அமெரிக்காவில் வழக்கமாகக் கிடைப்பது ‘யூ-100’. அதற்கேற்ப சிரிஞ்சும் வேறு. இங்கே யூ-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யூ-100க்கு ஆரஞ்சு. மருந்து தீர்ந்து அங்கே ஒரு குப்பி வாங்கி, ஊரிலிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடலுக்குள் போவது 20 யூனிட் அல்ல, 50! இரண்டரை மடங்கு. உயிருக்கே ஆபத்து. மாற்றிச் செய்தால் 20க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். எந்த நாட்டில் குப்பி வாங்குகிறோமோ, சிரிஞ்சையும் அங்கேயே வாங்க வேண்டும். பேனா பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. இங்கு விற்பவையும் பெரும்பாலும் யூ-100தான். தேவையைப்போல் இரு மடங்கு மருந்து கொண்டுபோகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடலில் பம்ப்போ சர்க்கரை சென்சாரோ பொருத்தியிருந்தால், ஸ்கேனருக்குள் போகலாமா என்று அந்தந்தத் தயாரிப்பின் கையேட்டில் பார்த்துவிடுங்கள். கூடாது என்றால், கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

விசா, இன்ஷூரன்ஸுக்கெல்லாம் நாலு மாதம் முன்பே ஓடுகிறோம். டாக்டரிடம் மட்டும் கிளம்புவதற்கு முந்தின நாள் போய் மருந்துச் சீட்டு வாங்கி வருகிறோம். ஒரு மாதம் முன்பே போங்கள், டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். ஏறும் நேரம், இறங்கும் நேரம், நடுவில் எங்கே எத்தனை மணி நேரம் காத்திருப்பு என்று தெரிந்தால்தான், எந்த டோஸை எப்போது, எவ்வளவு போடுவது என்று அவரால் எழுதித் தர முடியும்.