மணல் திரவமா, சார்?

எட்டாம் வகுப்பில் ஒரு நாள். "திடப்பொருளுக்குக் குறிப்பிட்ட வடிவம் உண்டு, திரவம் தான் இருக்கும் பாத்திரத்தின் வடிவத்தைப் பெறும்" என்று சார் போர்டில் எழுதினார். நான் எழுந்து, "மணலும் பாத்திரத்தோட வடிவத்துக்கு வருதே, அது திரவமா சார்?" என்றேன். "அதிகப்பிரசங்கி, உட்காரு!" என்றார். உட்கார்ந்தேன். அதன்பிறகு பள்ளி முடியும்வரை எந்த வகுப்பிலும் நான் கேள்வி கேட்கவில்லை.

பதில் ஒன்றும் பெரிதில்லை, நண்பர்களே. மணலைக் கொட்டினால் குவியும், தண்ணீர் குவியாது. ஒவ்வொரு மணற்துகளும் தன் வடிவத்தை விடுவதில்லை. இரண்டு நிமிட வேலை! பொருள்களின் மூன்று நிலைகளைச் சொல்லித்தர வரையறையில் தொடங்கக் கூடாது, இப்படி ஒரு வம்பில் தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஊசி இல்லாத சிரிஞ்சில் காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து அழுத்தச் சொல்லுங்கள். நன்றாக உள்ளே போகும். தண்ணீர் நிரப்பி அழுத்தினால் அசையாது. பிரேக் லைனில் காற்று புகுந்தால் பெடல் ஏன் பொசுக்கென்று இறங்குகிறது என்று நம் ஆட்டோமொபைல் நண்பர்களைக் கேளுங்கள். அதே சங்கதிதான்.

அடுத்து, ஒரு டம்ளரில் உடைத்த ஐஸ், அதில் ஒரு தெர்மாமீட்டர். கிளறிக்கொண்டே நிமிடத்துக்கு ஒரு ரீடிங். வெளியே நல்ல வெயில்; உள்ளே 0 டிகிரியை விட்டு நகராது. "தெர்மாமீட்டர் ரிப்பேர் சார்" என்று எவனாவது சொல்வான். சொல்லட்டும்! ஐஸ் முழுதும் உருகிய பிறகு தானாக ஏறும். அப்போது கேட்க வேண்டும்: இத்தனை நேரம் உள்ளே போன சூடு எங்கே போச்சு? உள்ளுறை வெப்பம் என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

அந்தச் சொல்லை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன்தான் நானும். தெர்மல் பாடத்தில் ஸ்டீம் டேபிள் கைக்கு வந்தபோது திருதிருவென முழித்தேன். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி, 100 டிகிரியில் ஒரு கிராம் நீர் ஆவியாக 540 கலோரி. அந்த 540 எனக்குப் புரிந்தது பள்ளிக்கூடமே போகாத என் அம்மாவால். இட்லிப் பானைத் தண்ணீரில் ஒரு காசைப் போட்டு வைப்பார். கொதிக்கும்போது கடகடவென்று ஆடும். "சத்தம் நின்னா தண்ணி வத்திருச்சு. தண்ணி இருக்கிற வரைக்கும் பானை கருகாதுடா" என்றார். எவ்வளவு எரித்தாலும் 100-ஐத் தாண்டவிடாமல் சூட்டையெல்லாம் ஆவி அள்ளிக்கொண்டு போகிறது! கொதிநீரைவிட நீராவி பட்டால் கொப்புளம் பெரிதாவதும் அதனால்தான்.

1760-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் வாட்டும், கொஞ்சம் நீராவி எவ்வளவோ தண்ணீரைக் கொதிக்க வைக்கிறதே என்று திகைத்தவர்தான். அங்கே பேராசிரியராக இருந்த ஜோசப் பிளாக் அவருக்குக் காரணம் சொன்னார். உட்காரு என்று சொல்லவில்லை.

"போர்ஷன் முடிக்கணும், ஐம்பது பேரை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. அதனால் நாம் போவோம். அடுத்த என்.எஸ்.எஸ். முகாமில் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பதோடு ஒரு பீரியடும் கேட்டு வாங்குவோம். சிரிஞ்சு நான்கு, ஐஸ் ஒரு கட்டி போதும். மணல் அங்கேயே கிடைக்கும். தெர்மாமீட்டருக்கு மட்டும் பிசிக்ஸ் லேபில் கையெழுத்துப் போட வேண்டும். அதை நான் போட்டுக்கொள்கிறேன்.