மவுஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல ஒரு உருளைக்கிழங்கு வாங்குங்க

தலைப்பைப் பார்த்துட்டு ஆளுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க. முழுசா படிச்சுட்டு அப்புறமா திட்டுங்க :-)

எங்க அக்கா பையன் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீடு. அக்கா கொழுந்து பறிக்கப் போறாங்க, மச்சானுக்கும் எஸ்டேட் வேலைதான். பையன் காலேஜ் கடைசி வருஷம். செகண்ட் ஹேண்ட்ல ஒரு கம்ப்யூட்டர் தேத்தி வச்சிருக்கான். பகல்ல படிப்பு, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வேலொரண்ட்.

போன தீபாவளிக்கு அக்காவுக்கு வந்த போனஸ்ல நச்சரிச்சு ஐயாயிரம் ரூபாய் வாங்கி, ஆன்லைன்ல ஒரு கேமிங் மவுஸ் வரவழைச்சான். எந்தக் கம்பெனின்னு இங்க வேண்டாம். நல்ல மவுஸ்தான், அதுல சந்தேகமே இல்லை. பெரிய பெரிய ஆட்டக்காரங்க கையில இருக்கிற ரகம்.

மூணு வாரம் கழிச்சு அவங்க வீட்டுக்குப் போனேன். பையன் வலது மணிக்கட்டை நீவிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். "மாமா, எனக்கு கேம் எல்லாம் லாயக்கு இல்ல போல. நல்ல மவுஸ் வாங்கியும் முன்னைவிட மோசமா ஆடறேன்"னு சொன்னான். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அம்மா காசை வீணடிச்சுட்டோம்ங்கிற குறுகுறுப்பு வேற.

மவுஸைக் கையில வாங்கிப் பார்த்தேன். எனக்கு அப்படியே பொருந்துச்சு. அங்கதான் பொறி தட்டினது. என் கை உலக்கை சைஸ். அவனுக்கு அக்கா கை, சின்னது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் அந்த மவுஸைக் கவ்வ முடியாம விரிஞ்சு கிடந்தது.

அடுப்படியில இருந்து அக்கா குரல்: "கவ்வாத்து கத்தி வாங்கப் போனாக்கூட உங்க மச்சான் நாலு கத்தியைப் பிடிச்சு, வீசிப் பாத்துட்டுத்தான் ஒண்ணை எடுப்பாரு. இவன் படத்தைப் பாத்து வாங்கியிருக்கான் தம்பி."

நான் சொல்ல வர்றது மொத்தமும் அக்கா சொன்ன அந்த ஒரு வரியிலயே இருக்கு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து பண்றவர் கத்தியோட பிடி தன் கைக்கு அடங்குதான்னுதான் முதல்ல பார்ப்பார். அடங்கலைன்னா சாயங்காலம் கை வீங்கிடும்னு அவருக்குத் தெரியும். நாம என்னடான்னா டப்பா மேல போட்டிருக்கிற நம்பரைப் பார்த்து வாங்குறோம்.

அந்த நம்பர் என்னன்னு பார்ப்போம். டிபிஐ. மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினா அது கம்ப்யூட்டருக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புதுங்கிற கணக்கு. 25,600 டிபிஐன்னு பெருமையா போடுறாங்க. நம்ம சாதாரண மானிட்டர் அகலம் 1920 புள்ளி. எண்ணிக்கைக்கு ஒரு புள்ளின்னு வச்சா, ஒரு அங்குலம் நகர்த்தினதும் அம்பு 13 திரையைத் தாண்டிப் போயிருக்கும். யாருக்குங்க வேணும் அது? போட்டியில ஆடற ஆளுங்க பெரும்பாலும் 400, 800, 1600-னுதான் வச்சு ஆடறாங்க. இன்னைக்குப் பேர் தெரிஞ்ச கம்பெனியோட விலை குறைஞ்ச கேமிங் மவுஸ்கூட அந்த அளவுக்குத் துல்லியமாவே வேலை செய்யும். நான் பிரவுசிங் சென்டர்ல உருண்டை மவுஸைக் கழட்டி, உள்ள இருக்கிற உருளையில ஒட்டின அழுக்கை நகத்தால சுரண்டின காலத்து ஆளு. அப்ப சென்சாரைப் பத்திக் கவலைப்பட்டது நியாயம். இப்ப கவலைப்பட வேண்டியது கையைப் பத்திதான்.

கையைப் பத்தின்னா ரெண்டு விஷயம்: எப்படிப் பிடிக்கிறீங்க, கை எவ்வளவு பெருசு.

முதல்ல பிடி. மூணு வகை சொல்வாங்க.

பாம் கிரிப்: உள்ளங்கை முழுசும் மவுஸ் முதுகுல சாஞ்சிருக்கும், விரல்கள் நீட்டிப் படுத்திருக்கும். கைக்குச் சுகம். இதுக்கு நீளமான, முதுகு நல்லா உயர்ந்த மவுஸ் வேணும்.

க்ளா கிரிப்: உள்ளங்கையோட அடிப்பகுதி மட்டும் மவுஸ் பின்பக்கம் முட்டிக்கிட்டு இருக்கும், விரல்கள் வளைஞ்சு நிக்கும். பூனை பாயறதுக்கு முன்னாடி நகத்தை ஊன்றுமே, அந்த மாதிரி. இதுக்குக் கூன் பின்பக்கமா இருக்கிற மவுஸ் ஒத்து வரும்.

ஃபிங்கர்டிப் கிரிப்: விரல் நுனி மட்டும்தான் தொடும், உள்ளங்கை அந்தரத்துல. சின்னதா, தட்டையா, எடை கம்மியா இருக்கணும். மவுஸைத் தூக்கி நகர்த்துறது மொத்தமும் விரல் நுனியாலதான், அதனால ஒவ்வொரு பத்து கிராமும் தெரியும்.

நம்ம பிடி எதுன்னு யோசிச்சுக் கண்டுபிடிக்க முடியாது. யோசிச்சா கை பொய் சொல்லும். அரை மணி நேரம் ஆடுங்க, ஆட்டம் சூடான நேரத்துல பக்கத்துல இருக்கிறவரை விட்டுப் பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. அதுதான் உங்க பிடி. எங்க பையன் "நான் பாம்"னு சாதிச்சான். போட்டோவுல பார்த்தா சுத்தமான க்ளா.

அடுத்து அளவு. நடுவிரல் நுனியில இருந்து மணிக்கட்டு ரேகை வரைக்கும் ஸ்கேல் வச்சு அளங்க. ஆடறவங்க நடுவுல புழங்குற கணக்கு ஒண்ணு உண்டு: கை நீளத்துல நூத்துக்கு 60 பங்குதான் மவுஸ் நீளம். இது விஞ்ஞானம் இல்லை, கைக்கணக்கு. பாம்னா கொஞ்சம் கூட, ஃபிங்கர்டிப்னா கொஞ்சம் கம்மி. என் கை 19.8 செ.மீ, கணக்குப்படி 11.9 செ.மீ. உள்ளங்கையைச் சாய்க்கிற ஆளுங்கிறதால இன்னும் ஒரு செ.மீ இருந்தாலும் எனக்குச் சுகம்தான். பையன் கை 16.5 செ.மீ. கணக்குப்படி 10 செ.மீ-கூட வரலை. அவன் வாங்கினதோ கிட்டத்தட்ட 13 செ.மீ! ஆறாம் நம்பர் காலுக்கு ஒன்பதாம் நம்பர் செருப்பு.

கடையில கிடைக்கிற கேமிங் மவுஸ்கள் பெரும்பாலும் 11.5-ல இருந்து 12.8 செ.மீ வரைக்கும்தான். நம்ம ஊர்ல நிறைய பேர் வாங்குற லாஜிடெக் ஜி102 116.6 மி.மீ. 2020-ல வந்த அதே கம்பெனியோட ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 125 மி.மீ. 2021-ல வந்த ரேசர் ஒரோச்சி வி2 108 மி.மீ. எண்ணிப் பார்த்தா சின்னக் கைக்காரங்களுக்குத் தேர்வு குறைவு. பெண்களும் பள்ளிக்கூடப் பசங்களும் "எனக்கு ஷூட்டிங் கேம் வரலை"ன்னு விட்டுட்டுப் போறதுல பாதிக்கு இதுதான் காரணமா இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

சோவி கம்பெனி இதை முன்னாடியே புரிஞ்சுக்கிட்டாங்க. ஸ்வீடன் நாட்டு கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட்டக்காரர் எமில் கிறிஸ்டென்சன் பேரோட முதல் எழுத்துகளை வச்சு இசி1, இசி2-னு ஒரே வடிவத்துல ரெண்டு அளவு கொண்டு வந்தாங்க. பின்னாடி இன்னும் சின்னதா இசி3. செருப்புக்கு நம்பர் இருக்கிற மாதிரி மவுஸுக்கும் இருக்கணும்ங்கிறது என் கட்சி.

இடதுகைக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற மவுஸ் எல்லாம் உங்களுக்கு ஆகும்னு நம்பிடாதீங்க. ஜி102-ல வடிவம் சமமா இருந்தாலும், பக்கவாட்டுப் பட்டன்கள் வலதுகைக் கட்டைவிரலுக்கு மட்டும்தான்.

சரி, உருளைக்கிழங்குக்கு வர்றேன்.

குன்னூர்லயும் ஊட்டியிலயும் கம்ப்யூட்டர் கடை இருக்கு. ஆனா கேமிங் மவுஸ் டப்பாவைப் பிரிச்சு "பிடிச்சுப் பாருங்க"ன்னு கொடுக்கிற கடை என் கண்ணுல படலை. கோயமுத்தூர் இறங்கினாத்தான் உண்டு. ஒரு நாள் போயிடும். அதுக்கு முன்னாடி வீட்டுலயே பண்ற சோதனை இது. நம்ம ஊர்ல எதுக்குப் பஞ்சம் வந்தாலும் உருளைக்கிழங்குக்கு வராது. முத்தோரையில அதுக்குன்னே ஆராய்ச்சி நிலையம் வச்சிருக்கோம்!

மார்க்கெட்ல நீள உருண்டையா, விதவிதமான அளவுல நாலஞ்சு கிழங்கு பொறுக்குங்க. அடிப்பக்கத்தை மட்டும் கத்தியால சீவித் தட்டையாக்குங்க, மேசையில ஆடாம உட்காரணும். ஒவ்வொண்ணையும் மவுஸ் மாதிரி பிடிச்சு, கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு நிமிஷம் நகர்த்திப் பாருங்க. கட்டைவிரல் விரிஞ்சு இழுக்குதுன்னா அகலம் ஜாஸ்தி. மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கி நெருக்குதுன்னா அகலம் பத்தலை. உள்ளங்கை எட்டி எட்டிப் பிடிக்குதுன்னா நீளம் ஜாஸ்தி. கொஞ்சம் கொஞ்சமா சீவுங்க. கைக்கு "ம், இதான்"னு பட்டதும் நிறுத்தி, நீளம், அகலம், உயரம் மூணையும் அளந்து எழுதி வச்சுக்கங்க. எல்லாக் கம்பெனியும் இந்த மூணு அளவையும் போட்டிருப்பாங்க. யாரும் படிக்கிறதில்லை, அவ்வளவுதான். எடையை மட்டும் கிழங்கு சொல்லாது.

சோதனை முடிஞ்சதும் பொரியல் :-)

மலையில இருக்கிறவங்களுக்குன்னு மூணு விஷயம். ஒண்ணு, குளிர். மார்கழி, தையில ஊட்டிப் பக்கம் புல்லுல உறைபனி படியுது. விரல் விறைச்சா நுண்ணிய அசைவு குறையும். க்ளாவும் ஃபிங்கர்டிப்பும் விரலை நம்பி இருக்கிற பிடிங்க. அதனால ஒரு டம்ளர் டீயைக் கையில பத்து நிமிஷம் வச்சிருந்துட்டு ஆடுங்க. ரெண்டு, ஈரம். மவுஸ் மேல மெத்துனு ரப்பர் பூச்சு இருந்தா, ஈரக்காத்துல நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் போதும். மூணு, மேசை. லைன் வீட்டுல கீபோர்டு போக மிஞ்சுறது ஒரு சாண் இடம். முழங்கையில இருந்து வீசி ஆடற பெரிய ஆட்டக்காரரோட மவுஸும் செட்டிங்கும் அந்த ஒரு சாணுக்கு ஒத்து வராது. மணிக்கட்டால ஆடறவனுக்குச் சின்ன, லேசான மவுஸ்தான் பந்தோபஸ்து.

"ரிவ்யூ பார்த்து வாங்கினா தப்பா?"ன்னு கேட்பீங்க. தப்பே இல்லை, ரிவ்யூ பண்றவர் தன் கை அளவைச் சொல்றாரான்னு பாருங்க. சொல்லலைன்னா அது அவர் கையோட சொந்தக் கதை. "ரெண்டு வாரம் ஆனா பழகிடும்"னு சொல்றவங்களும் உண்டு. புது மவுஸ் பழக நாளாகும், வாஸ்தவம்தான். ஆனா பழக்கம் வேற, வலி வேற. அந்தக் கையை வச்சுத்தான் அவன் பரீட்சை எழுதணும், நாளைக்கு வேலை செய்யணும்.

முடிவு? பையன் கிழங்கு அளவைத் துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டுக் கோயமுத்தூர் போனான். மூணு கடை ஏறி இறங்கி, 11 செ.மீ-க்குள்ள இருக்கிற ஒண்ணைப் பிடிச்சுப் பார்த்து வாங்கிட்டு வந்தான். முதல் மவுஸ் விலையில பாதிகூட இல்லை. ரெண்டு வாரத்துல மணிக்கட்டு வலி நின்னுடுச்சு. ரேங்க்? அது அங்கேயேதான் இருக்கு, ஹிஹி. ஆனா "எனக்கு லாயக்கு இல்ல"ங்கிற பேச்சு நின்னு போச்சு.

அந்தப் பெரிய மவுஸ் இப்ப என் மேசையில. ஐயாயிரத்தை அக்கா கையில கொடுத்துட்டேன். முதல்ல வேண்டாம்னாங்க. அப்புறம் வாங்கி அரிசி டப்பாவுக்குள்ள வச்சுட்டு, "மிச்சக் கிழங்கு எங்கடா?"ன்னு பையனைக் கேட்டாங்க.

டிஸ்கி: விரல் மரத்துப் போறது, ராத்திரியில மணிக்கட்டு வலி வந்து எழுப்புறது எல்லாம் இருந்தா மவுஸையும் மாத்த வேண்டாம், கிழங்கையும் சீவ வேண்டாம். நேரா டாக்டர்கிட்ட போங்க.