கட்டுச்சோறும் அலுமினியத் தாளும்

நெடுவழி செல்வோர் உணவைப் பொதிந்து உடன்கொண்டு செல்லுதல் தமிழ்நாட்டின் பழைய வழக்கம். அவ்வுணவைக் கட்டுச்சோறு என்பர். தருமபுரி மாவட்டம் புளிக்குப் பெயர் பெற்றது. அம்மாவட்டத்து மக்கள் ஒகேனக்கல் அருவிக்கோ தீர்த்தமலைக்கோ புறப்படுங்கால் புளிச்சோறு கட்டிச் செல்வது இயல்பு. முன்னாளில் அச்சோறு வாழையிலையிலும் மந்தாரை இலையிலும் பொதியப்பட்டது. இந்நாளிலோ பல வீடுகளில் அலுமினியத் தாள் அவ்விடத்தைப் பெற்றுள்ளது. இம்மாற்றம் தக்கதோ என்பது ஆராய்தற்குரியது.

ஒரு பொருளைப் போற்றுதற்கும் தூற்றுதற்கும் முன்னர் அதன் இயல்பை அறிதல் வேண்டும். பாக்சைட் என்னும் கனிமத்தினின்று பெறப்படுவது அலுமினியம். சேர்வராயன் மலையில் அக்கனிமம் உண்டு. அதனைக் கொண்டு அலுமினியம் எடுக்கும் ஆலையொன்று, தருமபுரி மாவட்டத்தை அடுத்துள்ள மேட்டூரில் 1965-ஆம் ஆண்டு தொழில் தொடங்கியது. சேலத்தினின்று பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானதும் அவ்வாண்டிலேயாம். மேட்டூரில் அலுமினியம் உருக்கும் தொழில் இப்போது நின்றுவிட்டது.

அலுமினியம் எடை குறைந்தது. அடித்தாலும் உருட்டினாலும் எளிதில் மெலிந்து விரிவது. அதனை உருளைகளுக்கு இடையே பலமுறை செலுத்தித் தாளாக்குவர். சமையலறைத் தாள்கள் நூறு அடுக்கினும் அவ்வடுக்கின் உயரம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டரே இருக்கும். கடைசி முறையில் இரண்டு தாள்களைச் சேர்த்துச் செலுத்துவர். உருளையைத் தொடும் பக்கம் பளபளக்கும். தாளும் தாளும் தொடும் பக்கம் மங்கும். உணவின்மேல் எப்பக்கம் படவேண்டும் என்று சிலர் வாதிடுவர். இரு பக்கமும் ஒன்றே என்பதை அவர் அறிதல் நன்று.

இத்தாளின் நன்மைகள் பலவாகும். ஒளியும் காற்றும் ஈரமும் இதனுள் எளிதில் புகா. ஆதலின் மருந்து மாத்திரைகளையும் தேயிலையையும் காத்தற்கு இஃது ஏற்றது. சப்பாத்தி, இட்டலி முதலியன உலராமல் இருக்கவும் உதவும். ஆயினும் சூட்டை நெடுநேரம் காக்கும் ஆற்றல் இதற்குத் தனியே இல்லை. உலோகம் ஆதலின் வெப்பத்தை விரைந்து கடத்திவிடும். தாளின்மேல் தடித்த துணி ஒன்றைச் சுற்றினால் சூடு தங்கும். கறுத்த வெள்ளிக் கொலுசை, தாள் விரித்த கலத்தில் சமையல் சோடா கலந்த வெந்நீருள் தாளைத் தொடுமாறு இட்டுவைத்தால், வெள்ளியைப் பற்றிய கருமை நீங்கும். நுண்ணலை அடுப்பில் மட்டும் இதனை இடுதல் கூடாது, தீப்பொறி எழும்.

இனி, இதன் குறையைக் காண்போம். அலுமினியத்தின்மேல் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலம் ஒன்று இயற்கையாகவே உண்டு. அதுவே அவ்வுலோகத்தைக் காப்பது. புளிப்பும் உப்பும் நெடுநேரம் படின் அப்படலம் சிதையும். அதன்பின் உலோகம் சிறிது சிறிதாக உணவிற் கலக்கும். எவர்சில்வர் கலத்தில் புளிக்குழம்பை வைத்து, குழம்பைத் தொடுமாறு இத்தாளால் மூடிவைத்தால், மறுநாள் தாளில் சிறுசிறு துளைகள் தோன்றுவதுண்டு. இரு வேறு உலோகங்களுக்கு இடையே புளித்த நீர் நிற்க, மின்கலம் ஒன்று தானே அமைந்து, அலுமினியத்தை அரித்துவிடுகின்றது. மறைந்த உலோகம் சென்ற இடம் குழம்பேயன்றி வேறென்ன?

இதனால் பெருந்தீங்கு நேர்ந்துவிடும் என்று அஞ்சவேண்டுவதில்லை. உடல் ஏற்கும் அலுமினியம் மிகச் சிறிதே. அதனையும் சிறுநீரகங்கள் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். எனினும் அளவு என்பது ஒன்று உண்டு. உலக நல நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் இணைந்து அமைத்த வல்லுநர் குழு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் கிழமைக்கு 2 மில்லிகிராம் என 2011-ஆம் ஆண்டு அவ்வளவை வரையறுத்தது. சிறுநீரகம் பழுதுற்றோர் மேலும் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஆதலின் சப்பாத்திக்கு இத்தாள் பொருந்தும். புளிச்சோற்றுக்கும் எலுமிச்சைச் சோற்றுக்கும் ஊறுகாய்க்கும் பொருந்தாது. அவற்றுக்கு இலையோ எவர்சில்வர் கலமோ உரியது.

இலை கிழியும், கலம் சுமையாகும் என்பர் சிலர். கிழியாதவாறு இலையை வாட்டிக் கட்டும் முறையை முன்னோர் அறிந்திருந்தனர். கலமோ பல்லாண்டு பயன்படும். உண்டபின் எறியும் இலையை ஆடும் மாடும் உண்ணும். எஞ்சியது மண்ணுக்கு உரமாகும். கசக்கி எறியும் அலுமினியத் தாளோ மட்குவதில்லை. ஒகேனக்கல் பாறைகளுக்கு இடையே எறியப்படும் தாள் காவிரியில் விழுந்தால், நீரோடு மேட்டூர் நீர்த்தேக்கத்தை நோக்கியே செல்லும். அலுமினியம் எடுத்த ஊருக்கே அலுமினியம் குப்பையாக மீள்வது நாணத்தக்கதன்றோ!

அக்குப்பை வீணான செல்வமும் ஆகும். கனிமத்தினின்று ஒரு டன் அலுமினியம் எடுக்க ஏறத்தாழ 14,000 அலகு மின்சாரம் செலவாகும். பழைய அலுமினியத்தை மீண்டும் உருக்கிப் பெறுவதற்கோ, புதிதாக எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே போதும். ஆதலின் பயன்படுத்திய தாளைக் கழுவி, உருண்டையாகத் திரட்டிச் சேர்த்து, பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுத்தல் அறிவுடைமை.

புதியது என்பதனால் ஒன்று சிறந்ததாகிவிடாது. பழையது என்பதனால் இழிந்ததாகியும் விடாது. இன்ன பொருளுக்கு இன்ன கலம் என்று தெரிந்து கொள்வதே அறிவின் பயன். அடுத்த முறை பள்ளிச் சுற்றுலாவிற்குப் புளிச்சோறு கட்டும் அன்னையிடம், “இலையில் கட்டுக, அம்மா” என்று காரணம் காட்டிச் சொல்லும் மாணவன், தான் கற்ற கல்வியை வீட்டிற்கும் ஆற்றிற்கும் ஒருங்கே பயன்படுத்தியவன் ஆவான்.