தொடங்கும் முன்பே முடிந்த சோதனை!

புதிய மென்பொருளைச் சோதிக்கும் வேலையை இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே இரவு முழுக்கப் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு சோதனையும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று 'லாக்' எனப்படும் பதிவேட்டில் தானே எழுதிவைக்கும். காலையில் அதைத் திறந்தால், 2:15:30-க்குத் தொடங்கிய ஒரு சோதனை 2:15:28-க்கே முடிந்துவிட்டதாக இருக்கும்!

பேய் வேலையல்ல. கம்ப்யூட்டரின் கடிகாரம் சிறு குவார்ட்ஸ் துண்டின் அதிர்வை வைத்து ஓடுகிறது. அது நாளுக்கு ஓரிரு விநாடிகூடப் பிசகும். அதனால் இணையத்தில் இருக்கும் நேர சர்வரிடம் அவ்வப்போது 'மணி என்ன?' என்று கேட்டுத் திருத்திக்கொள்ளும். வித்தியாசம் கொஞ்சம் என்றால் மெதுவாகச் சரிசெய்யும். அதிகம் என்றால் ஒரே தாவல்தான். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த சோதனையின் கணக்கு கோணலாகிவிடும்.

இது பதிவேட்டோடு போகிற விஷயமல்ல. 2017 புத்தாண்டு, இந்திய நேரம் காலை 5.30. பூமியின் சுழற்சிக்கு ஏற்ப உலகக் கடிகாரங்களில் ஒரு 'லீப் விநாடி' கூட்டப்பட்டது. க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் மென்பொருள் ஒன்று முடிந்த நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழிக்க, விடை பூஜ்யத்துக்குக் கீழே வந்தது. நேரம் பின்னால் போகாது என்று நம்பி எழுதப்பட்ட அந்த நிரல் திணறியது. அந்த நிறுவனத்தை நம்பியிருந்த சில இணையதளங்களுக்குள் மக்களால் நுழைய முடியவில்லை. எல்லா சர்வர்களையும் சரிசெய்ய ஏறக்குறைய 7 மணி நேரம் ஆனது.

தீர்வு எளிது. ஓட்டப்பந்தயத்துக்கு யாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, ஸ்டாப்வாட்ச்தான். கம்ப்யூட்டரிலும் அப்படி ஒன்று உண்டு. 'மானோடானிக்' கடிகாரம் என்பார்கள். அதற்கு மணி என்னவென்று தெரியாது, ஆனால் ஒருபோதும் பின்னால் போகாது. எவ்வளவு நேரம் ஆனது என்பதை அதை வைத்தே அளக்க வேண்டும்.

பதிவேட்டில் தாவல் தெரிந்தால் அதன் அளவைப் பார்ப்பதே முதல் வேலை. சில விநாடி பின்னால் போயிருந்தால், பெரும்பாலும் நேரத் திருத்தம். பல நிமிடம் முன்னால் குதித்திருந்தால், கம்ப்யூட்டர் நடுவில் 'ஸ்லீப்' நிலைக்குப் போயிருக்கலாம். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால், இந்திய நேரமும் சர்வதேச நேரமும் கலந்துவிட்டன என்று பொருள். சரியாக ஒரு மணி நேரம் என்றால், கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாட்டின் நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று பார்க்கலாம்.

தாவல் தொல்லை என்று நேரத் திருத்தத்தையே நிறுத்திவிடக் கூடாது. கைபேசிக்கும் இது பொருந்தும். விளையாட்டில் கூடுதல் 'லைஃப்' கிடைக்கும் என்று பிள்ளைகள் தேதியை மாற்றிவைத்தால், அதே போனில் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கலாம். 'தானியங்கி நேரம்' எப்போதும் ஆனிலேயே இருக்கட்டும்.