அறிகுறிக்கு முந்தைய அழிவு

கல்லூரியில் என்னுடன் பணியாற்றிய பேராசிரியர் ஒருவரின் கரும்பலகை எழுத்து, ஓராண்டாகச் சிறுத்துக்கொண்டே வந்தது. படிக்க முடியவில்லை என்று பின்வரிசை மாணவர்கள் முறையிட்டனர். அவர்களைக் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொன்னோம். வலக்கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் அது பார்க்கின்சன் நோய் எனத் தெரியவந்தது. 'இது எப்போது தொடங்கியது?' என்று அவர் கேட்டதற்கு, 'பல ஆண்டுகளுக்கு முன்பே' என்றாராம் நரம்பியல் மருத்துவர். அத்தனை ஆண்டுகள் உடல் எவ்வாறு மௌனம் காத்தது?

இக்கேள்விக்கான விடைகளுள் முக்கியமான ஒன்று, கணினியில் எழுதப்பட்ட சில சமன்பாடுகளிலிருந்து கிடைத்தது.

பிரிட்டிஷ் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்தது 1817-இல். மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்துகிறது என்பதை ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் 1950-களின் பிற்பகுதியில் நிறுவினார். அதற்காக 2000-இல் நோபல் பரிசு பெற்றார். டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதே பார்க்கின்சன் நோயின் அடிப்படை. ஆனால், பாதி அணுக்கள் அழிந்தால் பாதி நடுக்கமாவது தோன்ற வேண்டாமா? அவ்வாறு தோன்றுவதில்லை. பெரும்பகுதி அழிந்த பிறகே அறிகுறிகள் வெளிப்படுகின்றன.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ரீட், பிரெட் நைஹவுட், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் பெஸ்ட் ஆகியோர், டோபமைன் உற்பத்தியாவது, சேமிக்கப்படுவது, வெளியிடப்படுவது, மீண்டும் உறிஞ்சப்படுவது ஆகிய அனைத்தையும் சமன்பாடுகளாக்கி 2009-இல் கணினி மாதிரி ஒன்றை வெளியிட்டனர். டோபமைனை வெளியிடும் நரம்பு முனைகளே அதைத் திரும்ப உறிஞ்சவும் செய்கின்றன. முனைகள் அழியும்போது வெளியீடு குறைகிறது. அதே விகிதத்தில் உறிஞ்சலும் குறைகிறது. எனவே, ஐந்தில் நான்கு பங்கு முனைகள் அழியும் வரையில்கூட நரம்பணுக்களுக்கு வெளியே உள்ள டோபமைனின் அளவு பெரிதாகச் சரிவதில்லை. அதன் பிறகு, எஞ்சியிருக்கும் சிறிதளவு வெளியீட்டை வேறு வழிகளில் ஏற்படும் இழப்பு விஞ்சிவிடுகிறது, சமநிலை குலைகிறது.

பொருளியல் பயின்றவருக்கு இது புதிய கணக்கன்று. ஒரு சந்தையிலிருந்து விற்பவர்களும் வாங்குபவர்களும் ஒரே விகிதத்தில் வெளியேறினால், விலை மாறாது. விலையை மட்டும் பார்ப்பவர் சந்தை நலமாக இருப்பதாகவே நம்புவார். கடைகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதை எண்ணிப் பார்ப்பவருக்கே உண்மை புலப்படும்.

சிகிச்சையிலும் இக்கணக்கு துணைநிற்கிறது. பார்க்கின்சன் நோய்க்கு இன்றளவும் முதன்மை மருந்தாக விளங்கும் லெவோடோபா, மூளைக்குள் சென்று டோபமைனாக மாறுகிறது. பூனைக்காலி விதையில் இப்பொருள் இருப்பதை 1937-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தின் தாமோதரனும் ராமசாமியும் ஆவர். தொடக்கத்தில் நல்ல பலன் தரும் இம்மருந்தின் ஆற்றல், ஆண்டுகள் செல்லச்செல்ல ஒவ்வொரு வேளைக்கும் குறைந்த நேரமே நீடிக்கிறது. டோபமைனைச் சேமித்துவைத்துச் சீராக வழங்க வேண்டிய முனைகள் அருகிவிடுவதே இதற்கு முக்கியக் காரணம். கிடங்கு இல்லாத ஊரில் வரத்து நாளில் மிகுதியும் மறுநாளில் பஞ்சமும் நிலவுவதைப் போன்றது இது. எவ்வளவு மருந்தை, எத்தனை வேளையாகப் பிரித்துத் தரலாம் என்பதைச் சிந்திக்க மாதிரிகள் உதவுகின்றன.

எனினும், மாதிரிகளை அளவுக்கு மீறி நம்பியதற்கான விலையைப் பொருளியல் அறிஞர்களாகிய நாங்கள் 2008-இல் கொடுத்தோம். அன்று புழக்கத்திலிருந்த பெரும்பாலான மாதிரிகளில், வங்கிகள் நிலைகுலையக்கூடும் என்பதற்கு இடமே இருக்கவில்லை. மாதிரிக்குள் இல்லாததை மாதிரி எச்சரிக்காது. மூளை மாதிரிகளில் பயன்படும் அளவீடுகளில் பல, எலிகளிடமிருந்தும் ஆய்வகத் திசுக்களிலிருந்தும் பெறப்பட்டவை என்பதை மறந்துவிடலாகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் தொடங்கிய 'மனித மூளைத் திட்டம்' இதற்கு மற்றொரு பாடம். சுமார் நூறு கோடி யூரோ மதிப்பீட்டில், பத்தாண்டுகளில் மூளையைக் கணினியில் உருவாக்குவது அதன் தொடக்கக் கனவு. அடுத்த ஆண்டே நூற்றுக்கணக்கான நரம்பியல் ஆய்வாளர்கள் எதிர்ப்புக் கடிதம் எழுதினர். 2023-இல் திட்டம் நிறைவடைந்தபோது பயனுள்ள மூளை வரைபடங்களும் ஆய்வுக் கருவிகளும் கிடைத்தன. முழு மூளை கிடைக்கவில்லை. மாறாக, டோபமைன் மாதிரிக்குச் சாதாரணக் கணினியே போதும். ஒரே ஒரு கேள்வியை முன்வைத்து, அதற்குத் தேவையானவற்றை மட்டும் அது கணக்கிட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019-இல் உலகில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்க்கின்சன் நோயுடன் வாழ்ந்தனர். நோயின் போக்கைத் தடுத்து நிறுத்தும் என்று ஐயமற நிறுவப்பட்ட மருந்து இன்னும் இல்லை. அத்தகைய மருந்துகளை அறிகுறி தோன்றியவர்களிடம் மட்டுமே சோதிப்பது, கடைகள் பெரும்பாலும் மூடப்பட்ட பிறகு சந்தையைக் காக்க முனைவதற்கு ஒப்பாகும். மோப்பத் திறன் குறைதல், தீராத மலச்சிக்கல், கனவு காணும்போது கை கால்களை வீசுதல் ஆகியவை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்னரே தோன்றக்கூடும். இவை தோன்றிய அனைவருக்கும் இந்நோய் வருவதில்லை. ஆதலால்தான், பல்லாயிரம் பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்துத் திரட்டும் தரவு இன்றியமையாததாகிறது. நம் உணவும், சூழலும், மரபணுக்களும் வேறானவை. பிற நாட்டினரின் தரவுகளைக் கொண்டு நம் முதியோரின் மூளையைக் கணக்கிட முடியாது.

எனவே, அரசு செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, மாவட்ட அளவில் முதியோரின் நரம்பியல் நலனை நீண்டகாலம் பதிவு செய்து, தனிநபர் அடையாளங்களை நீக்கி, அத்தரவை ஆய்வாளர்கள் அனைவருக்கும் திறந்துவிடுவது. இரண்டாவது, நரம்பியல் மருத்துவர்கள் பெருநகரங்களில் மட்டும் செறிந்திருக்கும் நிலையை மாற்றி, லெவோடோபா இடையறாது கிடைக்கச் செய்வது. முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதை ஒத்திவைப்பது அறமாகாது.

என் நண்பர் இன்றும் வேளை தவறாமல் மாத்திரை உட்கொள்கிறார். அவருடைய எழுத்து சிறுத்தபோதே உள்ளே பெரும்பகுதி அழிந்திருந்தது என்பதை இப்போது அறிவோம். அடுத்த தலைமுறைக்கு அந்தச் செய்தி முன்கூட்டியே கிடைக்க வேண்டுமாயின், எண்ணத் தொடங்க வேண்டிய காலம் இதுவே.